எட்டரை மாதத்தில் நடக்கிறாள்: பெருமைப்படுவதா, பயப்படுவதா?

கரூர்ப் பொண்ணு கேட்டது:

என் மகளுக்கு இன்றோடு ஒன்பது மாதம் நாலு நாள். ஆயுத பூஜை அன்று மாமனார் தறிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இவள் பீரோ கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவள், பொரித் தட்டைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்துப் பொரியின் மேலேயே போய் விழுந்தாள். வீடே கைதட்டியது. நான் மட்டும் வாயில் நிலக்கடலை போய்விட்டதா என்று விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு ஜோசியம். அத்தை, "என் பேத்தி கலெக்டர்தான்" என்று பால்காரர் வரை சொல்லிவிட்டார். மாடி வீட்டு அக்கா, "இப்பவே நடக்க விட்டா கால் வளைஞ்சு போயிடும், உட்கார வை" என்கிறார். பார்த்தால் அவள் முழங்கால்கள் உண்மையிலேயே வில் மாதிரிதான் இருக்கின்றன. எங்கள் அம்மாவோ, சீக்கிரம் நடக்கிற பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று ஊரிலிருந்து போன் போட்டுச் சொல்கிறார். போதாக்குறைக்கு வீட்டுக்காரர் ஏதோ ரீல்ஸ் பார்த்துவிட்டு, தவழாமல் நடந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வராதாம் என்றார். இவள் முட்டி போட்டுத் தவழ்ந்ததே மொத்தம் ஒரு வாரம் இருக்கும். வயிற்றால் ஊர்ந்தாள், எதையாவது பிடித்து நின்றாள், அப்புறம் நேராக நடைதான். என் தம்பி சக்கரம் வைத்த வட்ட வாக்கர் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். அது இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

இது எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. என் நாத்தனார் மகனுக்குப் பதினைந்து மாதம். இன்னும் நடக்கவில்லை. அத்தைக்கு மகள் வயிற்றுப் பேரன், மகன் வயிற்றுப் பேத்தி இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் பேச்சு வாக்கில், "இவளைப் பார்த்தாவது அவன் கத்துக்கட்டும்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அண்ணி அன்றைக்குச் சாப்பிடாமலேயே கிளம்பிப் போனவர்தான். நான் போன் போட்டாலும் எடுப்பதில்லை.

சீக்கிரம் நடப்பதற்குப் பிற்காலத்தில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? நடக்க விடட்டுமா, தூக்கி உட்கார வைக்கட்டுமா? தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை வேறு தைத்தாகிவிட்டது. போட்டுப் பார்த்தால் மூன்று எட்டுக்கு ஒரு முறை தடுக்கி விழுகிறாள்.

ஓய்வு தமிழம்மா:

முதலில் பாவாடை. கிழிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். கீழே மூன்று விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்து நூல் ஓட்டுங்கள், கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். அடுத்த தீபாவளிக்குப் பிரித்துவிட்டால் அதே பாவாடை.

முப்பத்தோரு வருடம் பிள்ளைத்தமிழ் நடத்தியவள் நான். அதில் குழந்தைக்கு மாதக் கணக்கு உண்டு. ஐந்தில் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டுகிற சப்பாணி, பதின்மூன்றில் வாரானை. தளர்நடை போட்டு "வா வா" என்று அழைத்தால் வருகிற பருவம் வாரானை. உங்கள் மகள் சப்பாணி கொட்டுகிற மாதத்தில் வாரானைக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான். உங்கள் நாத்தனார் மகன் வாரானையைத் தாண்டி அம்புலியில் உட்கார்ந்து நிலாவைப் பார்க்கிறான். அவனையும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

கொலுசு போட்டிருக்கிறீர்களா? முத்து உதிராத, திருகு இறுக்கமான கொலுசாகப் போடுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. சத்தம் கேட்கிற வரை நீங்கள் அடுப்பைப் பார்க்கலாம். சத்தம் நின்றால் ஓட வேண்டும்.

பி.டி. வாத்தியார்:

சகோதரி, நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பத்தொன்பது வருட சர்வீஸ். ஊரைச் சொன்னதும் புரிந்திருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கு ஹாக்கி மட்டைதான் எல்லாம். உங்கள் கேள்விக்கு என் வீட்டிலேயே பதில் இருக்கிறது, அதுவும் இரண்டு.

மூத்தவள் ஒன்பதாம் மாதத்தில் நடந்தாள். பி.டி. வாத்தியார் மகள் அல்லவா, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் லட்டு கொடுத்தேன். இவளை நூறு மீட்டரில் விடுவதா, நீளம் தாண்டுதலில் விடுவதா என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தவன் நான். பத்தாம் மாதம் வாசற்படியில் குப்புற விழுந்து இடது புருவத்தில் மூன்று தையல். நடக்கத் தெரிந்தது, படி என்றால் பள்ளம் என்று தெரியவில்லை. தப்பு அவளுடையது இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம்தான் விட்டுப் போயிருந்தார்கள். நான் பேப்பரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. கோபம் வந்தால் முதலில் அதுதான் சிவக்கும்.

இளையவன் வேறு ரகம். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். தவழவே இல்லை. உட்கார்ந்த மேனிக்குப் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றுவான். டவுசர் எல்லாம் பின்னால் மட்டும் நைந்து போகும். பதினைந்து மாதம், பதினாறு மாதம், ஆள் எழுந்திருப்பதாகக் காணோம். டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல வேற யாராவது இப்படித் தேய்ச்சிருக்காங்களா?" எங்கள் அம்மா பக்கத்தில் இருந்தார். என்னைக் கையைக் காட்டி, "இந்தா நிக்கிறானே, இவன்தான்" என்றார். நாற்பது வயதில்தான் எனக்கே தெரியும். இப்படித் தேய்த்து நகர்கிற பிள்ளைகள் பொதுவாக நடக்கத் தாமதிப்பார்கள், பல குடும்பங்களில் அது வழிவழியாக வரும் என்று அவர்தான் விளக்கினார். பதினேழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது நிலவரம். மகள் பிளஸ் ஒன் பயாலஜி. கேம்ஸ் பீரியட் வந்தால் தலைவலி வந்துவிடும், மரத்தடியில் உட்கார்ந்து வரைவாள். அப்பன் பி.டி. வாத்தியார் என்று தோழிகளிடம் சொல்வாளா என்பதே எனக்குச் சந்தேகம். பையன் எட்டாம் வகுப்பு, பள்ளி ஹாக்கி டீமில் லெஃப்ட் ஹாஃப். பந்தை விட மாட்டான்.

என் வீட்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்று, போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் டீம் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தவர்கள் சொன்னது ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை எல்லாம் கலந்துதான் இருந்தது. எங்கள் ஃபார்வர்டு ஒருவன் இருக்கிறான், நிற்கிற இடத்தில் அவனைப் பிடிக்க முடியாது. அவன் அம்மா சொன்னார், "இவன் ஒண்ணேகால் வயசு வரைக்கும் என் இடுப்பை விட்டு இறங்கல சார், எனக்கு அந்த இடுப்புவலி இன்னும் போகல." இது ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ஒரு மைதானத்துக் கணக்கு. ஆனால் முந்தி நடந்தவன்தான் முந்தி ஓடுவான் என்ற பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பயப்பட வேண்டியது அவள் காலைப் பற்றி இல்லை, உங்கள் வீட்டைப் பற்றி. ஒன்பது மாதப் புத்தியும் ஒரு வயதுக் காலும் ஒரே உடம்பில் இருக்கிறது. இன்றைக்கே வீட்டுக்குள் முட்டி போட்டுப் போய் அவள் உயரத்திலிருந்து பாருங்கள். அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி வயர், மேசை விரிப்பின் தொங்கும் நுனி, பாத்ரூமில் நிரப்பி வைத்த வாளி. வாளியைக் குறிப்பாகச் சொல்கிறேன். அரை வாளி தண்ணீர்கூட வேண்டாம், எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அந்த வயதில் தானாக எழ முடியாது.

மாவட்ட மையத்து பிசியோ:

கரூர் அக்கா, நான் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். தாமதமாக நடக்கிற பிள்ளைகளைத்தான் தினமும் பார்க்கிறேன். சீக்கிரம் நடந்ததற்காக ஒருவரும் வருவதில்லை, அதனால் உங்கள் கேள்வியை ஆசையாகப் படித்தேன்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. சராசரி பன்னிரண்டு மாதத்தை ஒட்டி வருகிறது. உங்கள் மகள் அந்த வரம்பின் இந்தக் கரையில், வாத்தியார் சாரின் பையன் அந்தக் கரையில். இரண்டு பேருமே வரம்புக்குள்தான். அதே ஆய்வில் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று அதிகமானவர்கள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. அதனால் ரீல்ஸை அண்ணன் கொஞ்சம் ஓரமாக வைக்கட்டும். உங்கள் பெண் ஒரு வாரமாவது தவழ்ந்திருக்கிறாள்.

கலெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 222 ஆரோக்கியமான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். எந்த மாதம் உட்கார்ந்தது, எந்த மாதம் நடந்தது என்பதற்கும் பள்ளி வயதில் அறிவுத்திறன், உடல் லாகவம் எப்படி இருந்தது என்பதற்கும் சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. பிரிட்டனில் 1946-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்த பெரிய ஆய்வில் சின்னத் தொடர்பு தெரிந்தது: ஒரு மாதம் முன்னால் நின்ற குழந்தைக்கு எட்டு வயதில் ஐ.கியூ. சராசரியாக அரைப் புள்ளி கூடுதல். ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக் கழித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் அன்று பரீட்சை வைத்தால் குறைவது அதைவிட அதிகம். 2025-ல் எழுபதாயிரம் குழந்தைகளுக்கு மேல் வைத்துச் செய்த மரபணு ஆய்வு வந்தது. எப்போது நடக்கிறோம் என்பதில் குழந்தைக்குக் குழந்தை தெரிகிற வித்தியாசத்தில் சுமார் கால் பங்கு மரபணுவால் என்றார்கள். அதில் ஒரு வேடிக்கை: இயல்பான வரம்புக்குள் கொஞ்சம் தாமதமாக நடக்க வைக்கிற மரபணுக் கூறுகளுக்கு அதிகப் படிப்போடும், கவனக்குறைவுக் கோளாறு குறைவாக இருப்பதோடும் தொடர்பு தெரிந்தது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள், கலெக்டர் சீட்டுக்குப் பேரனும் போட்டியில் இருக்கிறான். நியாயமாகச் சொன்னால் சீக்கிரம் இயங்கும் பிள்ளைகளுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. பதினெட்டு மாதத்தில் நன்றாக ஓடியாடிய குழந்தைகளின் எலும்பு பதினேழு வயதில் கொஞ்சம் உறுதியாக இருந்ததை இங்கிலாந்தில் பார்த்திருக்கிறார்கள்.

பேச்சைப் பற்றி உங்கள் அம்மா சொன்னது நேர்மாறு. நடக்க ஆரம்பித்த குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்கள் கூடுவதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். நடக்கிற குழந்தையின் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. கரண்டியை எடுத்து உங்களிடம் கொண்டு வருகிறது, நீங்கள் "கரண்டியா, குடு" என்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை அங்கே ஒட்டிக்கொள்கிறது.

வில் கால்: இரண்டு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், நடக்காத குழந்தைக்கும்தான். அப்புறம் மூன்று, நாலு வயதில் முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் போகும். ஏழு வயதுக்குள் பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் மாடி வீட்டு அக்காவை முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். சீக்கிரம் நடந்து, எடையும் மிக அதிகமாக இருக்கிற சில குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வளரும் இடத்தில் அழுத்தம் ஏறி வளைவு கூடிக்கொண்டே போகும் நோய் ஒன்று உண்டு. அரிதுதான். ஒரு கால் மட்டும் வளைந்தாலும், இரண்டு வயதுக்கு மேல் குறையாமல் கூடினாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் டி குறைந்தாலும் வளையும். டாக்டர் எழுதிய சொட்டு மருந்தைக் கொடுக்கிறீர்களா?

நான் கேட்க வேண்டியவை இவைதான். எப்போதும் முன்னங்காலிலேயே நடக்கிறாளா? நிற்கும்போது கால் கட்டை மாதிரி விறைக்கிறதா, கத்தரிக்கோல் மாதிரிப் பின்னுகிறதா? ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறாளா? இதெல்லாம் இருந்தால் சீக்கிரம் நின்றது கெட்டிக்காரத்தனம் இல்லாமல் தசை இறுக்கமாக இருக்கலாம். இல்லை என்றால் விட்டுவிடுங்கள், நடக்கட்டும். உட்கார வைக்க வேண்டாம், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கட்டும். விழுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். நியூயார்க்கில் 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். மணிக்குச் சராசரியாக 2,368 எட்டு, 17 விழுகை. அதுதான் அவர்கள் படிக்கிற படிப்பு.

வாக்கர் பெட்டியிலேயே இருக்கட்டும், முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கனடாவில் 2004-லிருந்து அதை விற்கவே தடை. படியிலிருந்து வாக்கரோடு உருளுகிறார்கள் என்பதுதான் காரணம். நடையும் அதில் வராது. அயர்லாந்தில் பார்த்ததில், மொத்தமாக 24 மணி நேரம் வாக்கரில் கழித்த ஒவ்வொரு முறைக்கும் நடை மூன்று நாளுக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு சாதி. குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது, நாம் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடைசியாக அந்தப் பையன். பதினைந்து மாதம் என்கிறீர்கள். பிடித்து நிற்கிறானா? சொன்னது புரிகிறதா? பத்து மாதம் நிறைந்து பிறந்தவனா?

கரூர்ப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. பிசியோ தம்பி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். ஆறு வாரம் முன்னால். பத்து நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள், நான்தான் அண்ணிக்கு ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை எப்படி மறந்தோம் என்று தெரியவில்லை. வீட்டில் ஒருவர்கூட அந்த ஆறு வாரத்தைக் கழிக்கவில்லை.

மகளுக்கு முன்னங்கால் நடை எப்போதாவதுதான், விறைப்பு இல்லை. இரண்டு கையாலும் பிடுங்குகிறாள். எடை ஏழு கிலோ எண்ணூறு. சொட்டு மருந்து நடுவில் விட்டுப்போயிருந்தது, ஆரம்பித்துவிட்டேன்.

மாவட்ட மையத்து பிசியோ:

அப்படியென்றால் அவனுக்குப் பதினைந்து மாதம் இல்லை, பதின்மூன்றரை. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை அப்படிக் கழித்துத்தான் கணக்குப் பார்ப்போம். இப்போதைக்கு அவன் தாமதமே இல்லை. குறைமாதம் என்பதால் ஒரு முறை பரிசோதனைக்கு மட்டும் காட்டிவிடுவது நல்லது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்கள் மாதிரி மையம் இருக்கும், கட்டணம் கிடையாது. பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும், யாராக இருந்தாலும்.

பி.டி. வாத்தியார்:

தம்பி, வெறுங்கால் என்று சொன்னீர்களே, அதை எங்கள் ஹெச்.எம்.முக்கும் ஒரு முறை சொல்ல வேண்டும். ஒண்ணாப்புப் பிள்ளைக்கு ஷூ போடாமல் வந்தால் வெளியே நிறுத்துகிறார்.

கரூர்ப் பொண்ணு:

தீபாவளி முடிந்து எழுதுகிறேன். பாவாடையை மூன்று விரல் மடித்தேன் அம்மா, அப்புறம் தடுக்கவே இல்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து பாதி நேரம் தூக்கிவைத்துக்கொள்ளச் சொன்னாள் என்பது வேறு கதை. வாக்கரைத் தம்பி முகம் தொங்கத் திருப்பி எடுத்துப் போனான். பதிலுக்கு மாமனார் தறிப்பட்டறை ஆசாரியிடம் சொல்லி ஒரு நடைவண்டி செய்யக் கொடுத்திருக்கிறார். வாளிகளைக் கவிழ்த்தாயிற்று.

அண்ணி போனை எடுக்காததால் வாட்ஸாப்பில் ஒரு வரி மட்டும் அனுப்பினேன்: "அண்ணி, அவனுக்குப் பதின்மூன்றரைதான் ஆகிறது, ஆறு வாரத்தை நாங்கள்தான் கழிக்க மறந்துவிட்டோம்." இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள் ஒரு வீடியோ வந்தது. அவன் கிரைண்டரைப் பிடித்து நின்றுகொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுகிறான். கீழே, "நோம்பிக்குப் பலகாரம் என்ன செஞ்சே?" என்று கேட்டிருந்தார். அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. முறுக்கு டப்பாவில் பாதியைப் பிரித்து வைத்திருக்கிறார். நாளைக்கு அண்ணி வீட்டுக்குப் போகிறோம்.

இதை எழுத ஆரம்பித்தபோது கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்று இரண்டு நிமிடம் ஆகிறது. போய்ப் பார்க்கிறேன்.